ஹெலிகாப்டருக்கு முதுகு காட்டுகிறவள்

டிவி நாடகங்களில் ஹெலிகாப்டர் வந்து இறங்குகிற காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காற்று அடிக்கும், புழுதி கிளம்பும், கதாநாயகன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே இறங்குவான், கூட்டம் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு அந்தப் பக்கமே பார்க்கும். அப்போது திரையின் ஓரத்தில், ஹெலிகாப்டரின் வால் பக்கமாக, ஒரே ஒருத்தி மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்து நின்றுகொண்டிருப்பாள். ஒரு நாடகத்தில் அவள் நர்ஸ். இன்னொன்றில் போலீஸ். வேறொன்றில் வில்லன் வீட்டு வேலைக்காரி. அவள் என் அக்கா.

ஹெலிகாப்டரை ஓட்டுகிறவன் நான். என்னைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். கதாநாயகனே ஓட்டுகிற மாதிரிக் காட்சி என்றால், அவன் சட்டையை எனக்கு மாட்டி, முகம் தெரியாதபடி ஒரு ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துவிடுவார்கள். என் கை மட்டும் திரையில் வரும். தெருவில் அக்காவை நிறுத்தி "நீங்க அந்த ஹெலிகாப்டர் அம்மாதானே" என்று கேட்கிறார்கள். என் கையை இதுவரை யாரும் அடையாளம் கண்டுகொண்டதில்லை. பொறாமையா என்று கேட்டால், ஆமாம், கொஞ்சம் உண்டு.

எங்களுடையது சின்ன கம்பெனி. நீலத்தில் ஒன்று, வெள்ளையில் ஒன்று என்று இரண்டு ஹெலிகாப்டர்கள், என்னையும் சேர்த்து மூன்று பைலட்டுகள், எப்போதும் சிடுசிடுவென்று இருக்கிற ஒரு மெக்கானிக், எரிபொருள் லாரி ஓட்டுகிற டேங்கர் அண்ணன். நாடகம் எடுக்கிறவர்களுக்கு ஹெலிகாப்டரும் கொடுத்து அதை ஓட்ட ஆளும் கொடுப்பதுதான் தொழில். காலையில் ஆம்புலன்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டிப் பறந்ததை மத்தியானம் போலீஸ் என்று மாற்றி ஒட்ட வேண்டியிருக்கும். ஒட்டுவது மெக்கானிக். பிய்ப்பது அக்கா. சமையல் எண்ணெயைத் துணியில் தொட்டு, பசை போகும்வரை தேய்ப்பாள். வீட்டில் அடுப்புக்குப் பின்னாலிருக்கிற சுவரையும் இதே மாதிரிதான் தேய்ப்பாள், சுவருக்கு அவள் மேல் ஏதோ பழைய பகை இருப்பதுபோல.

முதலாளி, அக்காவின் வீட்டுக்காரர். எனக்கு மாமா. மாமாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கம்பெனியைப் பற்றிச் சொல்ல முடியாது. முதலில் அவர் ஷூட்டிங்குக்கு வேனும் காரும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். போனில் யார் எதைக் கேட்டாலும் "இல்லை" என்று சொல்ல அவருக்கு நாக்கு வராது. பழைய காலத்து கார் வேண்டுமா, கிடைக்கும். தீயணைப்பு வண்டி வேண்டுமா, கிடைக்கும். ஒருநாள் ஒரு டைரக்டர் ஹெலிகாப்டர் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். "ஒண்ணு போதுமா, ரெண்டு வேணுமா" என்று கேட்டுவிட்டு போனை வைத்த பிறகுதான் இவருக்கு வியர்த்திருக்கிறது. நான் அப்போது பண்ணைகளுக்கு மேல் மருந்து தெளிக்கிற ஹெலிகாப்டரை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஹெலிகாப்டர் நிறுத்துகிற எங்கள் கொட்டகைக்கே தேடி வந்து, "மாப்ளே, என் மானத்தக் காப்பாத்து" என்றார். அப்படி ஆரம்பித்த தொழில் இது.

ஆனால் மாமாவுக்கு ஹெலிகாப்டர் என்றால் பயம். அதன் சத்தம் கேட்டாலே முகம் வெளுத்துவிடும். முதல் ஹெலிகாப்டரை வாங்கி நிறுத்தியபோது, என்ஜின் அணைந்து ஆறிப்போய் நின்றதை, கடிக்குமோ என்று சந்தேகப்படுகிற நாயைத் தொடுவதுபோல ஒரு விரலால் தொட்டுவிட்டு விலகிக்கொண்டார். அன்றோடு சரி. ஷூட்டிங் நடக்கிற இடத்துக்கு வருவார், தூரத்தில் காரை நிறுத்தி, கண்ணாடியை முழுக்க ஏற்றி, உள்ளே உட்கார்ந்து போன் பேசுவார். சொந்த ஹெலிகாப்டரில் இதுவரை ஏறியதில்லை. யாராவது கேட்டால், "முதலாளி போய் டிரைவர் சீட் பக்கத்துல உக்காந்தா மரியாதையா இருக்குமா" என்று ஒரு கதை விடுவார்.

அக்கா வாலுக்கு வந்தது எங்கள் முதல் ஷூட்டிங்கில். ஹெலிகாப்டரின் தலைக்கு மேல் சுற்றுகிற பெரிய இறக்கைக்கு எல்லோரும் பயந்து குனிந்து போவார்கள். வாலில் இருக்கிற சின்ன விசிறியை யாரும் மதிப்பதில்லை. அது வேகமாகச் சுற்றும்போது கண்ணுக்கே தெரியாது, அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். முன்னால் உட்கார்ந்திருக்கிற எனக்கும் என் வால் தெரியாது. அன்று டைரக்டர் "கட்" என்றதும், மேக்கப்காரர் ஒருவர் சீப்பும் பவுடருமாகக் கதாநாயகியிடம் ஓடினார், குறுக்கு வழி என்று நினைத்து வால் பக்கமாக. எங்களுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்திருந்த அக்கா, பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டு அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்திருக்கிறாள். பட்டன் எல்லாம் தெறித்துவிட்டது. அவர் சண்டைக்கு வந்தார். விசிறி நிற்க நிற்க அதன் இலைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததும் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து வாலுக்கு அக்கா காவல். ஹெலிகாப்டருக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து, இரண்டு கையையும் விரித்து நிற்பாள். டைரக்டர் "கட்" சொன்னால் என்ன, டைரக்டரின் அப்பா வந்து சொன்னால் என்ன, அவள் கையை இறக்குகிறவரை ஒரு ஈ காக்கை அந்தப் பக்கம் போகக்கூடாது. "ஃப்ரேம்ல வர்றீங்கம்மா, கொஞ்சம் தள்ளிப் போங்க" என்று கேமராக்காரர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். அவள் நகரவில்லை. சரி, இந்தம்மாவை நகர்த்த முடியாது, காட்சியிலேயே சேர்த்துவிடுவோம் என்று உடை கொடுக்க ஆரம்பித்தார்கள். அப்படித்தான் அவள் நர்ஸானதும் போலீஸானதும்.

இதில் நாங்கள் யாரும் யோசிக்காத ஒன்று நடந்தது. நான் கருவிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன், மெக்கானிக் என்ஜினைப் பார்ப்பான், மாமா போனைப் பார்ப்பார். எங்கள் கம்பெனியில் நடிக்கிறவர்களின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றவள் அக்கா ஒருத்திதான். அதுவும் வருஷக்கணக்கில். யார் கிளிசரின் போட்டு அழுகிறார்கள், யார் போடாமல் அழுகிறார்கள், யார் வசனத்தை மறந்து சும்மா உதட்டை அசைக்கிறார்கள், எல்லாம் அவளுக்குத் தெரியும். ராத்திரிச் சாப்பாட்டின்போது எங்களுக்கு நடித்துக் காட்டுவாள். "இந்தப் பொண்ணுக்கு அழுகை மூக்குல வருது, கண்ணுல வரல" என்பாள். ஒரு கையில் கரண்டியோடு, செத்துப்போன கணவன் உயிரோடு வந்து இறங்குவதைப் பார்க்கிற மனைவியாக அவள் நின்றாள் என்றால், சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றுவிடும். அடுத்த நிமிஷம் அதே கரண்டியால் மாமாவின் தட்டில் குழம்பை ஊற்றுவாள்.

போன வருஷம் எவனோ ஒரு வேலையற்றவன், அக்கா வருகிற காட்சிகளை எல்லாம் சேர்த்து ஒரு வீடியோவாக ஒட்டி வெளியிட்டான். நர்ஸ், போலீஸ், வேலைக்காரி, ஹோட்டல்காரி, எல்லா வேஷத்திலும் அக்கா எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கிறாள். "உலகமே ஹெலிகாப்டரைப் பாக்குது, இந்தம்மா மட்டும் எங்கம்மா பாக்கறாங்க" என்று கீழே எழுதியிருந்தான். அது காட்டுத்தீயாகப் பரவியது. அக்காவின் மகள் காலேஜிலிருந்து ஓடி வந்து காட்டினாள். எனக்கு ரத்தம் கொதித்தது. அக்கா அதை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "நர்ஸ் தொப்பி கோணலா இருக்கு, யாரும் சொல்லவே இல்ல பாரு" என்றாள்.

அந்த வீடியோவைப் பார்த்துத்தான் டைரக்டர் மேடம் மாமாவுக்கு போன் செய்தார். பல வருஷமாக ஓடுகிற ஒரு நாடகத்தின் டைரக்டர் அவர். மெதுவாகப் பேசுகிற மனுஷி, ஆனால் சொன்னது நடக்காவிட்டால் ஆளை மாற்றிவிடுவார். அவர் நாடகத்தில் கடலில் காணாமல் போன மகன் ஒருவன் ஹெலிகாப்டரில் திரும்பி வருகிறான். அவன் அம்மாவைப் பற்றி அதுவரை பேசியிருக்கிறார்களே ஒழிய, காட்டியதில்லை. அந்த அம்மாவாக அக்கா ஒரே ஒரு காட்சியில் வரவேண்டும்.

"எப்பவும் போல முதுகு காட்டித்தான் நிப்பாங்க. ஹெலிகாப்டர் இறங்கினதும் மெதுவா திரும்பிப் பாக்கணும். இத்தனை வருஷமா திரும்பாதவங்க திரும்பறாங்க, அவ்வளவுதான் சீன்" என்றாராம்.

மாமா வழக்கம்போல "அதுக்கென்ன, வருவாங்க" என்று சொல்லிவிட்டார். பிறகுதான் அக்காவிடம் கேட்டார்.

அக்கா முடியவே முடியாது என்றாள். இந்த வயதில் எதற்கு வேஷம் என்றாள். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்றாள். ஆனால் அடுத்த நாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தேன். மிக்ஸியில் ஒன்றுமே இல்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அக்கா சுவரைப் பார்த்து நின்று, மெதுவாகத் திரும்பி, ஃப்ரிட்ஜைப் பார்த்து "வந்துட்டியா" என்றாள். என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சிரிச்சே, கொன்னுடுவேன்" என்றாள்.

"நான் எங்க சிரிச்சேன்? ஃப்ரிட்ஜுக்கே கண் கலங்கிடுச்சு."

அவள் மிக்ஸியை அணைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு ஆசையா இருக்குடா. யாருகிட்டயும் சொல்லிடாத. இத்தனை வருஷமா அவங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னுட்டேன். ஒரே ஒரு தடவை அவங்க என் மூஞ்சியப் பாக்கட்டும். நல்லா பண்ணணும். வேற எதுவும் வேண்டாம்."

அக்கா எதையும் வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. மறுபடியும் ஃப்ரிட்ஜைக் கிண்டல் செய்தேன்.

ஷூட்டிங், ஊருக்கு வெளியே உபயோகத்தில் இல்லாத ஒரு பழைய ஓடுபாதையில். தார் வெடித்து, வெடிப்பில் எல்லாம் புல் முளைத்திருந்தது. அக்காவுக்கு வெளுத்த புடவை கட்டி, தலையில் நரைக்காகப் பவுடர் தட்டியிருந்தார்கள். ஹெலிகாப்டர் இறங்குகிற இடத்துக்கு முன்னால், இறக்கைக்கு எட்டாத தூரத்தில், தரையில் சாக்பீஸால் கோடு போட்டாயிற்று. அக்கா திரும்பிப் பார்த்து, ஓடி வந்து, அந்தக் கோட்டில் நின்றுவிட வேண்டும். மகனாக நடிக்கிற பையன் இறங்கி அவளிடம் வருவான். கூட்டமாக நிற்கிற ஆட்களுக்கு ஒரு பக்கமாகக் கயிறு கட்டியிருந்தது. ஆரஞ்சு நிறக் கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, வாலுக்குப் பக்கவாட்டில் டேங்கர் அண்ணன் காவல். எல்லாம் பேசி, நடந்து பார்த்து, தலையாட்டியாயிற்று.

நான் நீல ஹெலிகாப்டரை மேலே கொண்டுபோய், வட்டம் அடித்து, இறக்கினேன். முன்கண்ணாடி வழியாக அக்காவின் முதுகு தெரிந்தது. புடவைத் தலைப்பு காற்றில் பறந்தது. இப்போது திரும்புவாள் என்று பார்க்கிறேன். அக்கா இரண்டு கையையும் விரித்தாள். கூட்டத்தைப் பார்த்துப் பின்னால் போங்கள் என்று தலையை ஆட்டினாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் அந்தக் கூட்டமும் ஒழுங்காகப் பின்னால் நகர்ந்தது. காணாமல் போன மகன் இறங்கி வந்து, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். டைரக்டர் மேடமும் சிரித்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "சத்தம் கேட்டதும் கை தானா போயிடுச்சு மேடம்" என்றாள்.

மறுபடியும் மேலே போனேன், இறக்கினேன். இந்தத் தடவை திரும்பினாள். திரும்பியவள் மகனைப் பார்க்கவில்லை. நேராக வால் பக்கம் பார்த்து, "அண்ணே, கிட்ட நிக்கறீங்க, தள்ளி வாங்க" என்று கத்தினாள். சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவள் கையை ஆட்டிய விதத்திலேயே வசனம் "வந்துட்டியா" இல்லை என்று தெரிந்துவிட்டது. டேங்கர் அண்ணன் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றிருந்தார், பாவம்.

அடுத்த தடவை ஒரு உதவி டைரக்டர் குடையைப் பிடித்துக்கொண்டு எங்கோ லேசாக அசைந்தார். அக்கா தன் இடத்தை விட்டு ஓடிப்போய் அந்தக் குடையைப் பிடுங்கினாள்.

அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் என்ஜினை அணைத்து, விசிறி நின்ற பிறகு இறங்கினேன். டைரக்டர் மேடம் குரலை உயர்த்தாமல், "அவங்களக் கூப்பிட்டுடுங்க" என்று உதவியாளரிடம் சொல்வதை நான் கேட்டேன். எல்லா நாடகத்திலும் அம்மாவாக வருகிற நடிகை ஒருவர் பக்கத்தில்தான் குடியிருக்கிறார். கூப்பிட்டால் உடனே வந்துவிடுவார், அழச் சொன்னால் உடனே அழுதும்விடுவார். அக்காவும் அதைக் கேட்டுவிட்டாள்.

நான் அக்காவிடம் போனேன். அவள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நரைப் பவுடர் வியர்வையில் கரைந்து கன்னத்தில் வழிந்திருந்தது.

"உடம்பு கேக்கமாட்டேங்குதுடா. அந்தச் சத்தம் வந்தா என் புத்தி வாலுக்குப் போயிடுது. மகனாவது ஒண்ணாவது."

"டேங்கர் அண்ணன் நல்லாத்தானே நிக்கறாரு?"

"நல்லாத்தான் நிக்கறாரு. ஆனா அவருக்கு அது மேல பயமே இல்ல. தினம் அதுக்கு எண்ணெய் ஊத்தறவரு. பயமில்லாதவங்கள எப்படிடா நம்பறது?" அவள் கண் நிறைந்துவிட்டது. "விடு. அந்தம்மாவே வந்து பண்ணட்டும். நான் போய் என் இடத்துல நிக்கறேன்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தால் திட்டுத்தான் வரும்போல இருந்தது. அதனால் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

அந்த நேரம் பார்த்து மாமா காரைவிட்டு இறங்கி வந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கத்தான் வந்திருக்கிறார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமாவின் கையில் போன் அடித்தது. எடுக்கவில்லை. அதை அப்படியே டேங்கர் அண்ணனிடம் நீட்டி, "இத வச்சுக்கங்க. அந்த ஆரஞ்சு கோட்டைக் கழட்டிக் குடுங்க" என்றார்.

அக்கா நிமிர்ந்தாள். "என்னங்க பண்றீங்க?"

"வாலுக்கு நான் நிக்கறேன்."

"உங்களுக்கு அதப் பாத்தாலே ஆகாதே."

"பாக்க வேண்டியதில்லையே. முதுகுதானே காட்டணும்" என்றார் மாமா. கோட்டின் ஜிப் அவருக்கு மாட்டவே இல்லை. டேங்கர் அண்ணன்தான் போட்டுவிட்டார்.

நான் யோசித்துப் பார்த்தேன். இந்த உலகத்தில் அந்த வாலுக்கு மாமாவைவிட அதிகமாகப் பயப்படுகிற ஆள் கிடையாது. அவர் அதன் கிட்டே போகமாட்டார். வேறு யாரையும் போகவிடவும் மாட்டார். டேங்கர் அண்ணனைக் கயிற்றுப் பக்கம் போய்க் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்கச் சொன்னேன். டைரக்டர் மேடத்திடம் போய், "ஒரே ஒரு தடவை" என்று கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்தார், சாலைப் பக்கம் பார்த்தார். அந்த அம்மா நடிகையின் கார் இன்னும் வரவில்லை. "சரி, ஒண்ணே ஒண்ணு" என்றார்.

மேலே போனேன். அங்கிருந்து பார்க்கும்போது மாமா ஒரு சின்ன ஆரஞ்சுப் புள்ளி. அந்தப் புள்ளி இப்போது ஓடும், இதோ ஓடும் என்று நினைத்தபடியே இறங்கினேன். புள்ளி அசையவில்லை. இறங்க இறங்கக் காற்று அவர் தொப்பியைத் தூக்கி எறிந்தது. அப்போதும் அசையவில்லை. கைகளை அகல விரித்துக்கொண்டு நட்டு வைத்த மாதிரி நின்றார். அதற்கு மேல் அவர் என் பார்வைக்குப் பின்னால் போய்விட்டார். ஹெலிகாப்டர் தரையைத் தொட்டது.

முன்னால் அக்காவின் முதுகு. அவள் கைகள் லேசாக எழுந்தன. போச்சு, என்று நினைத்தேன். எழுந்த கைகள் பாதியில் நின்று, கீழே இறங்கின. அவள் திரும்பினாள்.

நான் நடிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாதவன். அக்காவின் முகத்தைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறவன். அந்த முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. முதலில் அவள் கண்கள் என்னைத் தாண்டி, அந்தப் பையனையும் தாண்டி, எனக்குப் பின்னால் எங்கோ போய் நின்றன. பிறகு வாய் கோணியது. சிரிக்கப் போகிறாளா அழப் போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது. இரண்டும் ஒன்றாகவே வந்தன. அழுதுகொண்டே ஓடி வந்தாள். கோட்டில் சரியாக நின்றாள். பையன் இறங்கிப் போனதும் அவனை இரண்டு கையாலும் பிடித்து, முகத்தைத் தடவி, "வந்துட்டியா" என்றாள். அவள் உதடு எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் ஒரு பைலட், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, அழக்கூடாது. அழுதேன். நல்லவேளை, ஹெல்மெட் இருந்தது.

"கட்" சொன்ன டைரக்டர் மேடம் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. இன்னொரு தடவை எடுக்கலாமா என்று கேமராக்காரர் கேட்டதற்கு, "எதுக்கு" என்று மட்டும் சொன்னார். வந்து இறங்கிய அம்மா நடிகைக்குக் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். அவரும் மானிட்டரில் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, அக்காவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் போனார்.

இறக்கை நின்றது. விசிறி நின்றது. எல்லோரும் அக்காவைச் சுற்றிக்கொண்டார்கள். அவள் அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வால் பக்கம் நடந்தாள். நானும் பின்னால் போனேன். மாமா இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். போதும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அக்கா அவருடைய ஒரு கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள், பிறகு இன்னொரு கையை. அவர் உடம்பு முழுக்க நனைந்திருந்தது.

"முடிஞ்சுதா?" என்றார். "நல்லா நடிச்சியா?"

"ஏன், நீங்க பாக்கலையா?"

"எங்கம்மா பாக்கறது? பயத்துல கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன்."

கம்பெனி சட்டப்படி அந்த நிமிஷமே அவரை வேலையிலிருந்து நீக்கியிருக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்.

"தெரியும். திரும்பினதும் என் கண்ணுல முதல்ல பட்டதே பக்கவாட்டுல தெரிஞ்ச உங்க மூஞ்சிதான். கண்ணை மூடிக்கிட்டு, காலு ரெண்டும் வெடவெடன்னு நடுங்க, அந்தச் சனியனுக்கு முதுகக் காட்டிக்கிட்டு எனக்காக நின்னீங்க பாருங்க." அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். "அதுக்கப்புறம் நான் எங்கங்க நடிச்சேன்."